இருட்டரும் இலுப்பைற்றும்

2023 செப்டம்பர் 12, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குத் தேநீர், சீனி அரைக் கரண்டி. 6.00 முதல் 6.20 வரை சேட்டும் களிசானும் இஸ்திரிப்பெட்டியால் மினுக்கினேன். 6.45க்குப் பிட்டும் சம்பலும். 7.40க்குச் சைக்கிளை எடுத்தேன். 8.07க்குக் கந்தோர் வாசல். 8.10க்கு வரவுப் பதிவேட்டில் கையெழுத்து. 8.12க்கு மேசை விளக்கைப் போட்டேன்.

நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாக இப்படித்தான் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் நடந்த எதையும் யாரும் மறுக்க முடியாது. விருப்பப்பட்டு யாரும் வாசிக்கவும் முடியாது. ஆனால் அன்றைய பக்கத்தை மட்டும் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அது இருட்டரின் பக்கம்.

மன்னார்த் தீவில் வெயிலோடு தனிப்பட்ட பகை வைத்திருந்த ஒரே மனிதர் இருட்டர்தான். மற்றவர்கள் வெயிலைத் திட்டிவிட்டுக் குடையை விரிப்பார்கள். இருட்டர் வெயில்மேல் நடவடிக்கை எடுப்பார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. விடுமுறைப் பதிவேட்டில் என் கையாலேயே அதை எழுதியிருக்கிறேன். ஆனால் கந்தோரில் காவலாளி முதல் பொறுப்பாளர் மேடம் வரை எல்லாருக்கும் அவர் இருட்டர்தான். விடத்தல்தீவில் பிறந்தவர். அப்பா, சித்தப்பா, மச்சான்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தைக் கண்டாலே தலை சுற்றும். அதனால் படித்து, வளைகுடாவுக்குப் போய், ஒரு எண்ணெய்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில் பதினாறு வருடம் இருந்தார். அங்கே அவர் பழகிய வகை யந்திரம் ஒன்று மன்னாருக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கும் வேலைக்குத் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எனக்கு நாற்பத்தெட்டு.

யந்திரத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். அதன் பெயர் ராமன் நிறமாலைமானி. ஒரு பொருளின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், பட்டுச் சிதறும் ஒளியில் மிக மிகச் சிறிய பங்கு, நிறம் சற்று மாறி வெளியே வரும். எவ்வளவு மாறியது என்று பார்த்து அது என்ன பொருள் என்று சொல்லிவிடலாம். அந்த மாற்றம் திரையில் மேலெழும் கோடுகளாகத் தெரியும். மனிதருக்குக் கைரேகை போல மணலுக்கும் உப்புக்கும் பிளாஸ்ரிக்குக்கும் அவரவர் கோடுகள். எங்களுடையது சாதாரண யந்திரம் அல்ல. பச்சை லேசரிலும் வேலை செய்யும், கண்ணுக்குத் தெரியாத கழியூதா லேசரிலும் வேலை செய்யும். வந்த ஒளியை மூன்று முறை வடித்துப் பிரிக்கும். இரண்டு யார், அதாவது ஆறு அடி நீளம். மன்னார்க் கரையோர மணலில் என்னென்ன கனிமம், மீன் வயிற்றில் என்ன பிளாஸ்ரிக் என்று பார்ப்பதற்காக, தலைமன்னார் வீதியில் ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலைக் கட்டடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தார்கள். மேடம் ஆய்வாளர். இருட்டர் யந்திரக்காரர். நான் பதிவேட்டுக்காரன்.

அவ்வளவு நுண்ணிய ஒளியைப் பார்க்கும் யந்திரத்துக்கு வெளி வெளிச்சம் ஆகாது. இது எல்லா ஆய்வுகூடத்துக்கும் பொதுவான விதி. இருட்டருக்கு அது மார்க்கம்.

யந்திரத்தை அவர் "அது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "அவர்" என்றுதான் சொல்லுவார். பங்குத்தந்தையைப் பற்றிப் பேசும் அதே குரல். "அவருக்கு இண்டைக்குக் குணமில்லை." "அவர் இப்பதான் குளிர்ந்துகொண்டு வாறார், கரைச்சல் குடுக்காதேங்கோ." ஒருநாள் மேடம் உள்ளே வந்து, "எல்லாம் ஓகேயா?" என்று கேட்டார். இருட்டர் விரலை உதட்டில் வைத்து, "மெல்லக் கதையுங்கோ மேடம், அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்" என்றார். கந்தோரின் தலைவி கால்விரலில் நடந்து வெளியே போனார்.

முதல் வாரமே பசாருக்குப் போய் நாற்பது யார் கறுப்புத் துணி வாங்கினார். புடவைக்கடைக்காரர் அளந்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாராம்:

"எத்தினை செத்தவீடு அண்ணை?"

"செத்தவீடு இல்லைத் தம்பி. புதுசா ஒரு ஆள் வந்திருக்கிறார். வெளிச்சம் கூடாதாம்."

"ஐயோ, கண் வருத்தமே?"

"கண் நல்லாத் தெரியும். அதுதான் பிரச்சினை."

அந்தத் துணியால் யந்திரத்தைச் சுற்றி மூன்று பக்கமும் கூடாரம் கட்டினார். நாலாவது பக்கம் சுவர். கறுப்புப் பூச்சு அடித்த தடித்த சுவர். அந்தச் சுவரை அவர் நம்பினார். சுவருக்குப் பின்னால் நான் இருந்தேன்.

எனக்கும் அவருக்கும் முதல் மோதல் என் சேட்டால் வந்தது. நான் வெள்ளைச் சேட்டு மட்டுமே போடுகிறவன். ஐந்து சேட்டு, ஐந்து நாள், உள்ளே கொலரில் இலக்கம் தைத்திருக்கும். முதல் திங்கட்கிழமை 8.10க்கு யந்திர அறை வாசலில் நின்றேன். இருட்டர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"எங்க வாறியள், இந்தச் சேட்டோட?"

"ஏன் அண்ணை, ஊத்தையோ?"

"ஊத்தையெண்டால் உள்ள விட்டிருப்பன். தோய்ச்சிருக்கிறியள். அதுதான் பிழை."

சலவைத்தூளில் துணியை வெள்ளையாகக் காட்ட ஒரு மருந்து போடுகிறார்களாம். கழியூதா ஒளி பட்டால் அது நீலமாக மினுங்குமாம். "நீங்கள் ஆள் இல்லை தம்பி, நடமாடுற ரியூப்லைற்" என்றார். வாசலிலேயே சேட்டைக் கழற்றவைத்தார். இலக்கம் ஒன்று தைத்த சேட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, பெனியனோடு நான் என் முதல் பதிவை எழுதினேன். பிறகு பெனியனும் வெள்ளை என்று கண்டுபிடித்தார். அதற்கு மேல் நாட்குறிப்பில் எழுதவில்லை.

அன்றிலிருந்து யந்திர அறைக்குள் நான் போவதில்லை என்று ஒப்பந்தமானது. என் அறை அடுத்த அறை. அங்கேயும் அவர் அதிகாரம் வந்தது. குழல் விளக்கைக் கழற்றி, ஒரு சின்னச் சிவப்புக் குமிழைப் பொருத்தினார். "சிவப்பு அவரைக் குழப்பாது" என்றார். அவரைக் குழப்பவில்லை, என்னைக் குழப்பியது. நான் பதிவுகளை நீலத்திலும் திருத்தங்களைச் சிவப்பிலும் எழுதுகிறவன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு மை தெரியாது. ஒரு வாரம் முழுக்க நான் செய்த திருத்தங்கள் எல்லாம் செய்த உடனே மறைந்துபோயின. மறைந்ததைக் கண்டு மறுபடியும் திருத்தினேன். வெள்ளிக்கிழமை பகல் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரே பிழைக்கு ஏழு திருத்தம் இருந்தது. ஏழும் வேறு வேறு.

ஆகவே நான் பசாரில் ஒரு சின்னக் குழல் விளக்கு வாங்கினேன். ஒரு முழ நீளம். அட்டையால் மறைப்புக் கட்டி, வெளிச்சம் என் பக்கமும் சுவர்ப் பக்கமும் மட்டும் விழும்படி மேசையில் வைத்தேன். கதவின் அடியில் துவாயை உருட்டி வைத்தேன். கதவிடுக்கால் வெளிச்சம் ஒழுகுகிறதா என்று வெளியே படுத்துப் பார்த்தேன். ஒழுகவில்லை. இருட்டர் என் அறைக்குள் வரமாட்டார். கடதாசியின் வெள்ளை அவருக்கு ஆகாது, கதவைத் தட்டி வெளியே நின்றுதான் கதைப்பார். அவரிடம் விளக்கைப் பற்றிச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று சொல்லமாட்டேன். தினமும் நாட்குறிப்பில் எழுதினேன்.

இனிக் கழுதைகள். மன்னார்ப் பட்டினத்தில் கழுதைகள் சுதந்திரப் பிரசைகள். எங்கள் வெளிச்சுவரின் கரகரப்பு அவற்றுக்குப் பிடித்திருந்தது. காலையில் மூன்று கழுதைகள் வந்து முதுகைத் தேய்க்கும். உள்ளே யந்திரம் நடுங்கும், கோடு அசையும். இருட்டர் வெளியே ஓடுவார்.

"உங்களுக்கு வேற சுவர் இல்லையே? கச்சேரிச் சுவர் சும்மாதானே நிக்குது!"

கழுதைகளுக்கு மாவட்டச் செயலகம், அரசாங்க நிர்வாகம் எதுவும் விளங்கவில்லை. கடைசியில் இருட்டர் வளவின் மூலையில் ஒரு பனங்குற்றியை நட்டு, தும்புக் கயிற்றைச் சுற்றி, கழுதைகளுக்கென்று ஒரு சொறிதூண் செய்து கொடுத்தார். சுவரைவிட அது சுகம். செய்தி எப்படிப் போனதோ தெரியாது, மறுவாரம் ஐந்து கழுதை, அடுத்த வாரம் ஒன்பது, பிறகு பதினொன்று. ஒன்றின்பின் ஒன்றாக நின்றன. யந்திரம் அளந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்க இருட்டர் விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து வரிசையைக் கவனித்தார். மனித மூச்சும் நடையும்கூட யந்திரத்தைக் கலைக்கும் என்பது அவர் கொள்கை. அளவீட்டைத் தொடக்கிவிட்டால் அந்த அறையில் ஆளே இருக்கக்கூடாது.

ஆனால் தொடங்க முன் இருப்பார். தினமும் காலை 7.30க்குக் கூடாரத்துக்குள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, இருபது நிமிடம் இருட்டைப் பார்ப்பார். கண் பழகினால் ஊசித்துவாரம் அளவு வெளிச்சம் ஒழுகினாலும் தெரியும். 7.50க்கு வெளியே வந்து, "சுத்தம்" என்பார். பல தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒருநாளைக்கு வந்து இருந்து பாருங்கோ தம்பி. நல்லாயிருக்கும்."

"என்ர வேலை 8.10க்குத்தான் அண்ணை தொடங்குது."

"அப்ப 8.10க்கு முன்னம் உங்களுக்குக் கண் இல்லையோ?"

நான் போகவில்லை. 8.10க்கு வந்து, தினசரிச் சோதனைப் படிவத்தில் "வெளி ஒளி இல்லை" என்ற பெட்டியில் சரி போட்டு, திகதியிட்டுக் கையெழுத்து வைத்தேன். பிறகு 8.12க்கு விளக்கைப் போட்டேன்.

ஒரு விடயம் சொல்லவில்லை. யந்திரம் எத்தனை மணிக்கு அளக்கத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடித்தது என்று நான் எழுதவேண்டும். இருட்டரைக் கேட்டால் "காலமை" என்பார், அல்லது "கழுதை ஆறாவது போகேக்க" என்பார். இது பதிவு அல்ல. யந்திரத்தின் முகப்பில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி, அளக்கும்போது எரியும். அதை என் மேசையிலிருந்தே பார்க்க முடிந்தால் நிமிடக் கணக்காக எழுதலாம். ஐஸ் தொழிற்சாலைக் காலத்துக் குழாய்கள் போன ஓட்டைகள் என் சுவரில் பதினொன்று இருந்தன. எல்லாம் சீமெந்தால் அடைத்தவை. அதில் யந்திரத்துக்கு நேரெதிரே இருந்த ஒன்றை, ஒரு பிற்பகல் இருட்டர் தபாற்கந்தோருக்குப் போயிருந்தபோது, திருப்புளியால் சுரண்டித் திறந்தேன். பெருவிரல் அளவு. பார்க்காத நேரத்தில் அதை அடைக்கத் தைலப் போத்தலின் வெள்ளை மூடி கச்சிதமாகப் பொருந்தியது. மூடியைக் கையில் வைத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. "ஒளி புகாது" என்று எழுதிக்கொண்டேன்.

பெப்ரவரியில் அந்தக் கோடு தோன்றியது.

பேசாலை மணலில் முதலில் கண்டோம். தெரிந்த கனிமங்களின் கோடுகளுக்கு நடுவே, ஒல்லியான, நேரான, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கோடு. மேடம் புருவத்தைச் சுருக்கினார். இருட்டர், "அவருக்கு ஏதோ வருத்தம்" என்றார். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. அடுத்து தலைமன்னார் மணலில் கண்டோம். பிறகு விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம். எங்கேயிருந்து மணல் கொண்டுவந்தாலும் அதே இடத்தில் அதே கோடு. ஒழுங்கானவன் செய்யவேண்டியதை நான் செய்தேன். அட்டவணை போட்டேன். புதிய கனிமம் ஒன்று மன்னார்க் கரை முழுவதும் பரவியிருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன்.

பிறகு உப்பில் வந்தது. உப்பளத்துக்கும் பரவியிருக்கிறது என்று எழுதினேன். மீன் செதிளில் வந்தது. உணவுச் சங்கிலியில் புகுந்துவிட்டது என்று எழுதினேன். யந்திரத்தைச் சரிபார்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த, கண்ணாடிபோலச் சுத்தமான சிலிக்கன் தகட்டிலும் வந்தது. சோளகக் காற்றில் தூசியாகப் பறந்து படிந்திருக்கிறது என்று எழுதினேன். பதினாலு பக்கம். பெயரும் வைத்தேன். என் ஊர் இலுப்பைக்கடவை. மண்ணில் முதலில் எங்கே கண்டதென்று பார்த்தால் பேசாலைதான், ஆனால் பேசாலைக்கு என்னைப் போல் ஒரு பதிவேட்டுக்காரன் இல்லையே. இல்மனைற்று என்று ஒரு கனிமம் இருக்கும்போது இலுப்பைற்று என்று ஒன்று இருக்கக்கூடாதா? தனியே இருக்கும்போது ஓரிரு முறை சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன்.

நான் இப்படி மகிழ்ந்துகொண்டிருந்த மாதங்களில் இருட்டர் மெலிந்துபோனார். கூடாரத்தை நாலு முறை பிரித்துக் கட்டினார். கண்ணாடிகளைத் துடைத்தார். காற்றாலைகளைச் சந்தேகித்தார், கோயில் மணியைச் சந்தேகித்தார், ஒரு குறிப்பிட்ட கழுதையைச் சந்தேகித்தார். ஆகஸ்டில் கடிதம் வந்தது. மூன்று நிபுணர்கள் வருகிறார்கள். சிலிக்கன் தகட்டில் விளக்கமில்லாத கோடு காட்டும் யந்திரத்தை நம்ப முடியாது. காரணம் அன்றைக்கே தெரியாவிட்டால் யந்திரத்தைக் கழற்றித் தெற்கே ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொண்டுபோவார்கள். இருட்டரின் நியமனம் யந்திரத்தோடு சேர்ந்தது. அது போனால் அவரும் போகவேண்டும்.

அந்த வாரம் அவர் மனைவி விடத்தல்தீவிலிருந்து பஸ்ஸில் வந்தார். கையில் நண்டுக் குழம்பும் சோறும். இருட்டர் உள்ளே இருந்தார். அவர் மனைவி விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து கழுதைகளைப் பார்த்துக்கொண்டு என்னோடு பேசினார்.

"வீட்டிலயும் யன்னல் திறக்க விடமாட்டார் தம்பி. கறி தாளிக்கிறது கையால தடவித்தான்."

"கரைச்சல்தான் அக்கா."

"என்ன கரைச்சல்? அவர் வெளிநாட்டில இருந்த பதினாறு வருசமும் யன்னலெல்லாம் திறந்துதான் கிடந்தது. வெளிச்சத்தில தனிய இருந்தனான். இப்ப இருட்டில ரெண்டு பேரா இருக்கிறம். எனக்கு இது காணும், வேற ஒண்டும் வேண்டாம்." சோற்றுப் பாத்திரத்தை என்னிடம் தந்தார். "மெசினைக் கொண்டுபோகப் போறாங்களாம். நீங்கள் எல்லாத்தையும் எழுதிவைக்கிற ஆளாம். எழுதின இடத்தில எங்கயாவது விடை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்."

பார்க்கிறேன் என்றேன். பார்த்தேன். பதினாலு பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன்.

செப்டம்பர் 12க்கு வருகிறேன். 9.35க்கு நிபுணர்கள் வந்தார்கள். மூவரும் பளிச்சென்ற வெள்ளைச் சேட்டு. இருட்டர் எதிர்பார்த்திருந்தார். நீதிமன்றத்துக்குப் போய், தெரிந்த சட்டத்தரணிகளிடம் மூன்று கறுப்புக் கோட்டு இரவல் வாங்கி வைத்திருந்தார். அந்த வெக்கையில் மூவரும் கழுத்துவரை பொத்தான் போட்டு, யந்திரத்தின் முன்னால் வாதாட வந்தவர்கள் போல நின்றார்கள். பார்த்து முடித்து வெளியே கணினித் திரைக்கு முன்னால் வந்ததும், தலைமை நிபுணர் சிலிக்கன் தகட்டை அளக்கச் சொன்னார். தமிழர், மெதுவாகப் பேசுகிறவர், நெற்றியில் வியர்வை.

கோடு வந்தது.

"இது என்ன?"

இருட்டர் தலையைக் குனிந்தார். நான் தலையை நிமிர்த்தினேன். பதினாலு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தேன்.

"இலுப்பைற்று, சேர்."

அவர் முதல் பக்கத்தை வாசித்தார். பிறகு கடைசிப் பக்கத்தை வாசித்தார். "மணலில, உப்பில, மீனில, சிலிக்கனில எல்லாத்திலயும் இருக்கு?"

"ஓம் சேர். மிகவும் பரவலான கனிமம்."

"இல்லாத இடம் ஏதாவது இருக்கோ?"

"இதுவரை கண்டுபிடிக்கேல்லை, சேர்."

மேடம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருட்டர் மெதுவாகச் சொன்னார்: "சேர், லேசரை மாத்திப் பாப்பம். பச்சையை விட்டிட்டுக் கழியூதாவில விடுவம். மெய்யான கோடெண்டால் எந்த லேசரிலயும் அதே இடத்தில நிக்கும்."

மாற்றினார். சிலிக்கனின் கோடு தன் இடத்தில் அப்படியே நின்றது. இலுப்பைற்று காணாமற்போனது. ஏழு மாத ஆராய்ச்சி போக இருபது நிமிடம் எடுத்தது, 11.48 முதல் 12.08 வரை.

"அப்ப இது பொருள் இல்லை" என்றார் தலைமை நிபுணர். "ஒண்டில் யந்திரப் பிழை, இல்லாட்டி வெளி வெளிச்சம். வெளிச்சம் இல்லையெண்டு தினமும் கையெழுத்து இருக்கு. அப்ப யந்திரம்தான். சாப்பிட்டு வந்து அறிக்கையை எழுதுவம்."

12.30க்கு நான் வழமைபோல விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். 12.55க்குக் கதவு தட்டப்பட்டது. இருட்டர் வெளியே நின்றார். கையில் அளவீட்டுத் தாள்கள்.

"தம்பி, சும்மா இருக்க ஏலாமல் பச்சையில திரும்ப ஒருக்கா விட்டனான். கோடு இல்லை."

"நல்லதுதானே அண்ணை."

"நீங்கள் எத்தினைக்குச் சாப்பிடப் போறனீங்கள்?"

"12.30."

"வாறது?"

"1.10."

"உங்கட மச்சாளின்ர கலியாணம் எப்ப?"

"ஜூன் 8, 9. ரெண்டு நாள் லீவு எடுத்தனான். ஏன் கேக்கிறியள்?"

தாள்களை என்னிடம் நீட்டினார். ஜூன் 8, 9இல் கோடு இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் நடந்த எந்த அளவீட்டிலும் கோடு இல்லை. நான் வீட்டுக்குப் போகும் 4.15க்குப் பிறகும் இல்லை. கோடு வந்த தாள்களில் எல்லாம் என் கையெழுத்து, நிமிடம் பிசகாத நேரங்கள். இருட்டர் அந்தக் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"தம்பி, அந்தக் கனிமம் நீங்கள்தான்."

சிவப்புக் குமிழைப் பொருத்திய பிறகு முதல் தடவையாக அவர் என் அறைக்குள் காலை வைத்தார். விளக்கைப் பார்த்தார். துவாயைப் பார்த்தார். சுவரில் தைலப் போத்தல் மூடியைப் பார்த்தார். விளக்கைப் போட்டுவிட்டு, என்னைக் கையில் பிடித்து, வெள்ளைச் சேட்டோடேயே யந்திர அறைக்குள் கூட்டிப்போனார். கூடாரத்துக்குள் இருவரும் நின்றோம். கண் பழகியது. கறுப்புச் சுவரின் நடுவே அந்த மூடி ஒரு சின்னப் பூரணை நிலாபோல எரிந்துகொண்டிருந்தது.

குழல் விளக்குக்குள் இருக்கும் பாதரச ஆவி தனக்கென்று ஒரு பச்சைக் கோடு தருமாம். அதைத்தான் யந்திரம் ஏழு மாதமாகப் பிழையில்லாமல் அளந்திருக்கிறது. நாட்டிலேயே கூர்மையான கண் ஒன்று என் மேசை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இருட்டர் இருட்டைச் சோதித்தது 7.50 வரை. நான் விளக்குப் போட்டது 8.12க்கு. இருவரில் ஒருவராவது ஒரே ஒருநாள் பிந்தியோ முந்தியோ வந்திருந்தால் போதும். நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.

1.10க்கு நிபுணர்கள் திரும்பினார்கள். அனுமதியில்லாத ஓட்டை, அனுமதியில்லாத விளக்கு, "வெளி ஒளி இல்லை" என்று ஏழு மாதக் கையெழுத்து. என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். இருட்டர் முந்திக்கொண்டார்.

"காரணம் பிடிச்சிட்டன், சேர். சுவரில ஒரு ஓட்டை. அதால வெளிச்சம் வந்திருக்கு."

"ஓட்டை எப்பிடி வந்தது?"

இருட்டர் கூரையைப் பார்த்தார். "கழுதை, சேர்."

"கழுதையோ?"

"ஓம் சேர். மன்னாரில கழுதை கூட. முதுகு தேய்க்கிறது. சீமெந்து உதிர்ந்திட்டுது."

"ஆனால் அது உள்சுவர் எல்லோ? கழுதை உள்ளுக்கு வந்ததோ?"

"சில வேளை வரும், சேர்."

"எத்தினைக்கு?"

இருட்டர் தடுமாறினார். நேரம் சொல்வது அவர் துறை அல்ல. மேடம் என்னைப் பார்த்தார். அளவீட்டுப் பதிவேடு என் முன்னால் திறந்திருந்தது. "காரணம்" என்ற கட்டத்தில் பேனா நின்றது. இருபத்தாறு வருடத்தில் நான் முட்டாள்தனமாக நிறைய எழுதியிருக்கிறேன். தெரிந்துகொண்டு பொய் எழுதியதில்லை. அதைவிட, தன் பிள்ளையைப்போலப் பார்த்த யந்திரத்தை ஏழு மாதம் நோயாளியாக்கியவனைக் காப்பாற்ற, ஒரு மனிதர் கழுதைமேல் பழியைப் போட்டுக்கொண்டு முழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"கழுதை இல்லை, சேர். நான். காலமை 8.12க்கு."

இருட்டர் பெருமூச்சு விட்டார்.

"அதைத்தானே சேர் நானும் சொன்னனான்."

முதலில் சிரித்தது மேடம். பிறகு மூன்று சட்டத்தரணிக் கோட்டுகளும் குலுங்கின. ஓட்டையை அடைத்து, விளக்கை வெளியே எடுத்து, மறுபடியும் அளந்தார்கள். 1.52க்குக் கோடு இல்லாத சிலிக்கன் வந்தது. தலைமை நிபுணர் கறுப்புக் கோட்டைக் கழற்றிக்கொண்டே, தான் பார்த்த யந்திரங்களில் இதுவே மிகக் கவனமாகப் பராமரிக்கப்பட்டது என்று எழுதினார். யந்திரம் மன்னாரிலேயே இருக்கலாம். என்னைப் பொறுத்தவரை, ஏழு மாதத் தாள் ஒவ்வொன்றிலும் "இந்தக் கோடு பதிவேட்டாளரின் மேசை விளக்கு" என்று நானே திருத்தம் எழுதவேண்டும் என்பது உத்தரவு. சிவப்பு மையில். பகல் வெளிச்சத்தில்.

"இதைவிட ஒழுங்கான ஆள் கிடைக்கமாட்டார்" என்று மேடம் நிபுணர்களுக்கு என்னைப் பற்றிச் சொன்னது கேட்டது. அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

4.15க்குச் சைக்கிளை எடுத்தபோது இருட்டர் சொறிதூணடியில் நின்றார். ஒரு கழுதையின் காதைத் தடவிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளு, உன்ர பேரைத் தேவையில்லாமல் இழுத்திட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி, "போங்கோ தம்பி, பிந்தப் போகுது" என்றார்.

செப்டம்பர் 13, புதன்கிழமை. 4.30க்கு எழுந்தேன். மாமாவின் செத்தவீட்டுக்குத் தைத்த கறுப்புச் சேட்டு ஒன்று பெட்டியின் அடியில் கிடந்தது. இலக்கம் இல்லாதது. அதைப் போட்டுக்கொண்டேன். 7.28க்குக் கந்தோர் வாசல். 7.30க்குக் கூடாரத் துணியை விலக்கினேன். இருட்டர் வாங்கில் இருந்தார். என் சேட்டை மேலும் கீழும் பார்த்தார். சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். விளக்கை அணைத்தார்.

"கண் பழக நேரமெடுக்கும். அவசரப்படாமல் இருங்கோ."

இருந்தேன். சுவர் இருந்த இடம் தெரியவில்லை, யந்திரம் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்க்க வெளிச்சம் இல்லை. அன்றைய பக்கத்தில் தொடங்கிய நேரம் 7.30 என்று இருக்கிறது. முடிந்த நேரம் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறது. அதை நான் இன்னும் திருத்தவில்லை.